வளவில் வெயில் நகர்கிற நேரம்

தம்பி ஒருவர் கடிதத்தில் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அவருடைய ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) மாசியில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. கவனித்துக்கொள்ளச் சென்னையிலிருந்து செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் உள்ள பெரிய வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆபீஸ் வேலை லேப்டாப்பில் நடக்கிறது. ஆடி வரை இருந்தாக வேண்டும். "காலை பத்து மணிக்கே ஒரு நாள் முடிந்த அலுப்பு வந்துவிடுகிறது, பொழுது மட்டும் நகரமாட்டேன் என்கிறது. தியான ஆப், புத்தகம், நடை எல்லாம் பார்த்துவிட்டேன். மனசு அடங்க, சின்னதாகவாவது சந்தோஷப்பட, இந்த ஊரில் என்னதான் இருக்கிறது?" கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி: வேப்பம்பூவை எப்போது எடுப்பது, ஆத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் இருக்கும் தகுதி அது இல்லை. அப்பச்சி, அதாவது என் அப்பா, பக்கவாதத்தில் படுத்திருந்த இரண்டு கோடைகளை நானும் இப்படி ஒரு வீட்டில்தான் கழித்தேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். உங்களிடம்தான் பொழுது இருக்கிறதே.

முதலில் ஒரு கணக்கு. பங்குனியிலிருந்து பகல் நீண்டுகொண்டே போகிறது என்று தோன்றும். நம் பக்கம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கிறது. மார்ச் 21-இல் இருந்து ஜூன் 21 வரை மொத்தமாக இங்கே பகல் வளர்வது 35 நிமிட அளவுதான். மூன்று மாதத்துக்கு அவ்வளவுதான் கூடுதல். மிச்ச நீளத்தை எல்லாம் நாம் சேர்க்கிறோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போனில் மணி பார்த்தால் எந்த நாளும் நீளும். அப்பச்சிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு மருந்து இருந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பைத்தியம் பிடிக்காத குறை. அப்புறம் அலாரம் வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி மாட்டினேன். அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வேறு எதெல்லாம் நகர்கிறது என்று கண்ணில் பட்டது.

வெயில் நகர்கிறது. செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூணைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும், அது வெயிலைச் சமாளிக்கக் கட்டிய வீடு. சுண்ணாம்புச் சுவர் கனமானது, சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வளவு, அதாவது வீட்டு நடு முற்றம், வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் சூடான காற்று மேலே போய்விடும். முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரிகிறதல்லவா, அது அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. முன்தெருவில் நுழைகிற காற்று பின்தெருவில் வெளியேற வேண்டும் என்பதற்காகவும்தான். இந்த வீட்டில் ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்காருவது என்ற வழக்கமே கிடையாது. எங்கள் ஐயா விடியலில் திண்ணையில் இருப்பார். வெயில் ஏறினால் வளவைச் சுற்றிய தாழ்வாரம், உச்சியில் இரண்டாங்கட்டின் இருட்டு மூலை, நான்கு மணிக்கு மேல் பின்வாசல். அவர் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்த்தே அப்பத்தா உலை வைப்பார்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏசி போட்ட ஓர் அறையில் மேசையைப் போட்டுக் கதவைச் சாத்தியிருப்பீர்கள். மீட்டிங் இருக்கிற நேரம் சரி. மற்ற நேரம் கதவைத் திறந்து, நிழலோடு கூடவே நாற்காலியையும் நகர்த்துங்கள். ஆத்தாவின் நாற்காலியையும்தான். (உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலியாக இருக்கட்டும். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாழ்ந்த ஆசனத்தில் உட்காருவதும் சம்மணம் போடுவதும் ஆகாது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஒரு நாளில் நான்கு இடம் மாறினால், நான்கு சின்ன நாள்கள் வந்துபோன மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அப்புறம் ஒரு விளையாட்டு. வளவுக்குள் வெயில் ஒரு கட்டமாக விழுமே, அதன் ஓரத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கோட்டைத் தாண்டியிருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் இன்னும் வசதி, கல்லை எண்ணியே அளந்துவிடலாம். தினமும் ஒரே மணிக்குக் கோடு போட்டால் பருவம் நகர்வதும் தெரியும். இதில் உச்சம் சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் வரும். ஏப்ரல் 16 வாக்கில் நம் பக்கம் சூரியன் நடு உச்சிக்கு வருகிறது. மதியம் 12.15 சுமாருக்கு வளவில் உலக்கையை நட்டமாக நிறுத்துங்கள். நிழல் இருக்காது. உலக்கைப் பூணின் அடியில் சுருண்டு ஒளிந்துகொண்ட மாதிரி மறைந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிவேளை நிழல் தெற்கே விழும். பல வருடம் நிழலைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இதை முதன்முதலில் கண்ணால் பார்த்தது அப்பச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான். அவரைத் தூக்கி உட்கார வைத்துக் காட்டினேன். உலக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வெளியே வந்தால் பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. இலக்கணத்தில் பங்குனி பின்பனிக் காலம், சித்திரையும் வைகாசியும் இளவேனில். பங்குனியைப் பனிக்காலம் என்று காரைக்குடியில் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் 'இள' என்ற சொல்லை மரங்களைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். இப்போது ஊரணிக் கரைக்குப் போய் அரச மரத்தைப் பாருங்கள். செம்புப் பாத்திரம் விளக்கிவைத்த மாதிரித் தளிர். புங்க மரம் இலை எல்லாம் கொட்டிவிட்டு, கண் கூசுகிற இளம்பச்சையில் திரும்ப வரும், அடியில் பூ பொரி மாதிரி உதிர்ந்து கிடக்கும். ஊரே காய்ந்து கிடக்கும்போது ஒரு சொட்டு மழை இல்லாமல் இந்த மரங்கள் துளிர்ப்பது வேர் ஆழமாகப் போவதால். இலுப்பை மரம் இன்னும் எங்காவது கோயில் நந்தவனத்தில் நின்றால் விடிவதற்குமுன் போங்கள். சதைப்பற்றான வெளிர்மஞ்சள் பூ தரையெல்லாம் கிடக்கும், வாயில் போட்டால் தித்திக்கும். இரவெல்லாம் வௌவால் தின்றதுபோக மிச்சம் அது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழி வாயில் கரையும்போதுதான் முழுசாகப் புரியும். நகரத்தார் ஒன்பது கோயில்களில் ஒன்றின் ஊர்ப் பெயரே இலுப்பைக்குடிதான்.

குயிலை நான் சொல்ல வேண்டியதில்லை, அதுவே உங்களை நாலரை மணிக்கு எழுப்பியிருக்கும். எழுப்புகிற கறுப்புக் குயில் ஆண். பெண் குயில் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, பாடாது, கிக்கிக் என்று கத்தும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் காக்கைக் கூட்டைக் கண்டுபிடியுங்கள். இந்த மாதங்களில் காக்கை குச்சியும் கம்பித் துண்டும் கவ்விக்கொண்டு எந்த மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று பாருங்கள். ஆண் குயில் கூட்டுப் பக்கம் போய்க் கத்தி வம்பிழுத்துக் காக்கையை விரட்ட வைக்கும், அந்த இடைவெளியில் பெண் உள்ளே புகுந்து முட்டையிட்டுவிடும். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பின்தொடர்ந்தால் எந்த சீரியலும் வேண்டாம். வைகாசி வாக்கில் காக்கை ஒன்று தன்னைவிட வேறு குரலில் கத்துகிற குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமா என்று நினைத்தீர்களானால், அது மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களுக்கான இடம். சித்திரையில் போனால் வறண்ட கண்மாயைத்தான் பார்ப்பீர்கள்.

பார்ப்பது பாதி. மீதி, கைக்கு ஒரு வேலை. புத்தகம் ஏன் ஒட்டவில்லை தெரியுமா? புத்தகத்துக்குக் கெடு கிடையாது, நாளைக்கும் படிக்கலாம். மாவடுவை நாளைக்குப் போட முடியாது. அடுத்த வாரம் அது மாங்காய் ஆகிவிடும். இந்தப் பருவத்தின் வேலைகள் எல்லாம் இப்படித்தான், காத்திருக்காது. அந்த அவசரம் நல்லது. சந்தையில் இன்னும் வடு கிடைத்தால் ஒரு படி வாங்கிக் காம்போடு கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, உப்புப் போட்டு ஜாடியில் வையுங்கள். தினம் ஒரு முறை ஜாடியைக் குலுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான்கைந்து நாளில் தண்ணீர் விட்டுச் சுருங்கத் தொடங்கும், அப்புறம் மிளகாயும் கடுகும் மஞ்சளும் அரைத்துச் சேர்க்கலாம். அளவு ஆத்தாவுக்குத் தெரியும், கேளுங்கள். கேட்பதுதான் விஷயமே. படுக்கையில் இருக்கிறவர்களிடம் நாம் நாள் முழுக்க "மருந்து சாப்பிட்டீர்களா, கால் வலிக்கிறதா" என்றே கேட்கிறோம். உப்பு எவ்வளவு என்று கேட்டால் குரலே மாறும்.

கூழ் வற்றலைப் பற்றி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது கோடையில் ஒரு நாள் விடியலில் எழுந்து இரண்டு படி அரிசி மாவைக் கிண்டி, மொட்டை மாடியில் மூன்று வேட்டி விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு, ராஜகாரியம் முடித்தவள் மாதிரி இறங்கி வந்தேன். காக்கை வரக்கூடாது என்று கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்தேன். காக்கை வரவில்லை. மூன்று மணிக்கு எங்கிருந்தோ ஒரு கோடை இடி வந்தது. நான் ஏறுவதற்குள் வற்றல் மறுபடி கூழாகி, வேட்டியோடு மாடி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நனைந்துபோய்க் கையில் வேட்டிச் சுருளோடு அப்பச்சி முன்னால் நின்றேன். அவருக்கு அப்போது பேச்சு வராது. சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் அசைகிற வாயால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்த வருடம் வீட்டில் வற்றல் இல்லை.

கை வேலை பிடித்துப்போனால் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடையப் பழகலாம். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு இன்றைக்கு. ஒரு காலத்தில் சீர் வரிசைக்கு ஆச்சிமார் வீட்டிலேயே முடைந்தது. பனங்குருத்தோலையைக் காயவைத்துக் கீற்றாக வகிர்ந்து, சாயம் ஏற்றி, முடைவதற்கு முன் தண்ணீரில் நனைத்து... முதல் கொட்டான் நிச்சயம் கோணலாகத்தான் வரும். சொல்லிக்கொடுக்க உங்கள் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். ஆத்தாவோடு பல்லாங்குழியும் ஆடலாம், தரையில் வேண்டாம், மேசைமேல் வைத்து. குழியில் நாலு முத்து சேர்ந்ததும் "பசு" என்று அள்ளும்போது தெரியும், ஆத்தா இத்தனை நாள் சோர்ந்து கிடந்ததெல்லாம் பொய் என்று.

வெளியே போக ஒரு மணி நேரம் கிடைத்தால் ஆத்தங்குடிக்குப் போய்க் கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் பூ நிற்கும். மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, பின்னால் கலவை அப்பி, சில நாள் தண்ணீரில் போட்டு எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். நம் தரை ஏன் அப்படிப் பளபளக்கிறது என்றால் அது கண்ணாடியின் முகத்தை வாங்கிக்கொண்டது. பங்குனி மகம், பூரம், உத்திரத்தில் காரைக்குடியில் கம்பன் விழா, அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில். ஒரு மாலையாவது போங்கள், பின்வரிசையில் உட்கார்ந்து பாதி புரிந்தாலும் போதும். கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்குக் கூட்டம் நெரியும். அமைதி தேடுகிறவருக்கு அது இல்லை, ஆனால் கூட்டத்தில் நின்றால் தனிமை கொஞ்சம் கழன்றுவிடும். கண்மாய் வற்றுகிற சமயம் ஏதாவது ஊரில் மீன்பிடித் திருவிழா என்று சொன்னால் யோசிக்காமல் கிளம்புங்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடையும் வலையுமாக ஆயிரம் பேர் சேற்றில் இறங்குவதைக் கரையில் நின்று பார்த்தால், வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆத்தாவிடம் சொல்ல விஷயம் இருக்கும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பொழுது போகாத மதியத்தில் பெரிய வீட்டின் மேல்தளத்து அறைகளைச் சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். நான் தொடங்கினேன். மூன்றாவது அறையில் தும்மல் பிடித்து ஒரு வாரம் படுத்தேன், அப்பச்சியைப் பார்க்க ஆளில்லை. அதைவிட ஆபத்து, சுத்தம் செய்யும்போது பழைய அண்டாவும் கண்ணாடிப் படமும் கண்ணில் படும், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் ஞாபகத்துக்கு வரும், விற்றுவிடலாமா என்று தோன்றும். அந்த அண்டாவில் எத்தனை பங்காளிக்குப் பங்கு என்று உங்களுக்குத் தெரியுமா? சித்திரை வெயிலில் எடுத்த முடிவுக்கு ஐப்பசி வரை போனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது விளையாட்டில்லை. தினம் ஒரு மணி நேரம் ஆத்தாவை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டு அக்காவோ, சம்பளத்துக்கு ஓர் ஆளோ. பிள்ளை செய்யாமல் வேற்றாளா என்று ஊர் பேசும். பேசட்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, முதல் கோடையில் நான் அப்பச்சிமேல் எரிந்து விழுந்ததெல்லாம் அதனால்தான். நான் மேலே சொன்ன எதுவும் பிடிக்காமல், பல வாரம் தூக்கமும் பசியும் கெட்டு, காலையில் எழுந்திருக்கவே மனமில்லை என்றால், அதற்குக் குயிலும் மாவடுவும் மருந்தில்லை. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

சரி, வேப்பம்பூ. இதைக் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்ததே இதுதான்.

பொழுது சாய்ந்தபின் பின்வாசலில் தேன் மாதிரி ஒரு வாசம் வருகிறதா? அப்படியென்றால் பூ விரிந்துவிட்டது. ஒரு கொத்தைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. அரிசி அளவுப் பூவில் ஐந்து வெள்ளை இதழ், நடுவில் ஒரு சின்னக் குழல். பத்து மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டி அந்தக் குழல் ஆகியிருக்கும். இவ்வளவு நுணுக்கமாக ஒன்றைச் செய்து ஆயிரக்கணக்கில் தரையில் கொட்டுகிறது அந்த மரம். வருடப் பிறப்பன்று, ஏப்ரல் 14-க்கு, மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடிக்குக் கொஞ்சம் புதுப்பூ எடுத்துவையுங்கள். மிச்சத்தைக் காயவைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். ரசத்தில் பூவைக் கொதிக்கவிடாதீர்கள், நெய்யில் கருக வறுத்து இறக்கும்போது போட வேண்டும். ஒரு சொளகு நிறையப் பூ காய்ந்தால் ஒரு கைப்பிடிதான் தேறும், அதனால் பத்து நாளாவது எடுக்க வேண்டியிருக்கும்.

மரத்தை உலுக்காதீர்கள், பழுத்த இலையும் பூச்சியும் சேர்ந்து விழும். இன்றைக்கு ராத்திரி படுக்கப் போகுமுன் மரத்தடியைக் கூட்டிவிட்டு, பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை விரியுங்கள். நான்கு முனையிலும் கல் வையுங்கள், விடியற்காற்று தூக்கிவிடும். வெயில் ஏறுவதற்குள், எறும்பு வருவதற்குள் சுருட்டி எடுத்து, சொளகில் கொட்டி ஒரு புடை புடைத்து ஆத்தாவின் மடியில் வைத்துவிடுங்கள். காம்பு பொறுக்குவதில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்யலாம், ஆனால் ஒரு பிடி நீங்கள் முடிப்பதற்குள் அவர் நாலு பிடி முடித்துவிட்டு உங்கள் பங்கையும் இழுத்துக்கொள்வார்.